பெரியவரின் கணுக்கால்

செப்டம்பர் 19

இந்த டைரி போன வருடத்தது. விற்காமல் குடோனில் கிடந்த கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தேன். கிழமை எல்லாம் ஒரு நாள் பிந்தித்தான் இருக்கும். இன்று ஊருக்குத் திங்கட்கிழமை, டைரிக்கு ஞாயிறு. சிவகாசியில் லட்சக்கணக்கில் டைரி அச்சடிக்கிறோம், எழுதுகிற ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை. நாற்பத்து மூன்று வயதில் நான் ஆரம்பிக்கிறேன். காரணம் இருக்கிறது.

முதலாளி இன்று எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு பேர் என்றால் நானும் தவசிலிங்கமும். காலண்டருக்குச் சாமிப் படம் வரைய ஒரு காலத்தில் ஆர்ட் ரூம் நிறைய ஆள் இருந்தது. இப்போது முருகனும் லட்சுமியும் கம்ப்யூட்டரிலேயே பிறந்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது நாங்கள்தான்.

"இந்த சீசனோட கையால வரையறத நிப்பாட்டுறேன், கோவிச்சுக்கிடாதீங்க" என்றார். "பள்ளிக்கூடச் சார்ட்டு ஆர்டர் எடுத்திருக்கேன். எலும்பு, இருதயம், கண்ணு, எல்லாம் புதுசாப் போடணும். அதுக்கு ஒரு ஆளு போதும்."

எந்த ஆள் என்பதற்கு ஒரு பரீட்சை வைத்திருக்கிறார். தீபாவளி கழிந்ததும் மனித எலும்புக்கூட்டை, எதையும் பார்க்காமல், மனதிலிருந்து வரைய வேண்டும். "பாத்து வரையறதுக்கு எனக்கு எதுக்கு ஆர்ட்டிஸ்ட்டு? ஜெராக்ஸ் மிஷின் போதுமே. நாளைக்கு உக்காந்த எலும்பு கேப்பேன், ஓடுற எலும்பு கேப்பேன், சைக்கிள் மிதிக்கிற எலும்பு கேப்பேன். மனசுல இருந்தாத்தான் வரும்."

தோற்றவனுக்கு பைண்டிங்கில் இடம் இருந்தால் பார்க்கலாம் என்றார். பைண்டிங்கில் இடம் கிடையாது என்பது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

வெளியே வந்து தவசியும் நானும் டீ குடித்தோம். அவன்தான் காசு கொடுத்தான். "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல போட்டிய வச்சிட்டாரே மனுசன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

எனக்கு இது போனால் சென்னையில் மைத்துனரின் பலசரக்குக் கடை இருக்கிறது. அங்கே போய்ப் பொட்டலம் மடிப்பதற்கு நான் எங்கேயாவது ஓடிப்போய்விடலாம். தவசிக்கு இது போனால் பட்டாசு ஆலைதான். அவனுடைய அண்ணன் ஆலை வெடித்துச் செத்தவர். அன்றிலிருந்து தவசி தீபாவளிக்குக் கம்பி மத்தாப்புகூடக் கொளுத்துவதில்லை.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. போட்டி என்றால் ஒருத்தன் தோற்கத்தான் வேண்டும்.

செப்டம்பர் 23

முந்தாநாள் எலும்புக்கூடு வந்து இறங்கியது. மூடிப்போன ஒரு நர்சிங் பள்ளியிலிருந்து முதலாளி வாங்கியிருக்கிறார். பிளாஸ்டிக் இல்லை, நிஜமான ஆள். மண்டையில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு இரும்பு ஸ்டாண்டு. மூட்டுக்கு மூட்டு கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. தள்ளிக்கொண்டு வரும்போது கடகடவென்று ஆடியது. பேக்கிங் பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

தவசி செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "யாரு பெத்த பிள்ளையோ" என்றான். பிறகு, "பெரியவரே, எங்களக் காப்பாத்துங்க" என்று கும்பிட்டான். அன்றைக்கே பெயர் நிலைத்துவிட்டது. காலையில் வாட்ச்மேன்கூட "பெரியவர் ரூம்ல லைட்டு எரியுது" என்கிறார்.

செப்டம்பர் 27

எனக்கு வரவில்லை. பார்த்து வரைந்தால் வருகிறது. முதுகைத் திருப்பிக்கொண்டு வரைந்தால் விலா எலும்பு ஏணிப்படி மாதிரி வந்து நிற்கிறது.

என்னுடைய வழி எப்போதும் ஒன்றுதான். வலது பாதியை வரைவேன், ட்ரேசிங் பேப்பரில் எடுப்பேன், திருப்பிப் போட்டு இடது பாதியை எடுப்பேன். நேர்ப்பார்வைச் சாமிக்கு அது போதும். எத்தனை லட்சுமிக்கு ஒரு கண்ணை வரைந்து இரண்டு கண்ணாக்கி இருக்கிறேன்! தவசி ட்ரேசிங் பேப்பரைத் தொடவே மாட்டான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு பெரியவரின் கையைத் தடவுகிறான், பிறகு உட்கார்ந்து அந்தக் கையை வரைகிறான். அப்படியே வருகிறது.

அவன்தான் ஜெயிப்பான். வீட்டில் ஜெயக்கொடியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் உடனே அவள் அண்ணனுக்குப் போன் போடுவாள்.

அக்டோபர் 3

நாளை ஆயுத பூஜை. மிஷின், கத்தி, ஸ்கேல், பிரஷ் எல்லாம் கழுவித் துடைத்தோம். தவசி, "அப்ப பெரியவரு? இந்த வருசம் நமக்கு ஆயுதமே அவருதானே" என்றான். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான், பிறகு பிடிவாதமாக நின்றான். அத்தனை வருடத் தூசி அவர் மேல் இருந்தது.

மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கழற்றினோம். மண்டையும் நெஞ்சுக்கூடும் கையும் அவன் பங்கு, இடுப்பும் கால் இரண்டும் என் பங்கு. ஈரத்துணியால் துடைத்து, பழைய காலண்டர் தாளை விரித்து வெயிலில் வைத்தோம். கெண்டைக்காலில் இரண்டு எலும்பு இருக்கிறது. ஒன்று தடி, ஒன்று ஒல்லி. துருப்பிடித்த கம்பி அறுந்து இரண்டு காலிலும் ஒல்லி எலும்பு தனியாகக் கையில் வந்துவிட்டது. மாலையில் மேகம் திரண்டு தூறல் ஆரம்பித்தது. அடித்துப் பிடித்துக் கட்டினோம். ஒரு காலைக் கட்டினேன், அதைப் பார்த்து அப்படியே திருப்பி மற்றதைக் கட்டினேன். புதுக் கட்டுக்கம்பி. நன்றாக இறுக்கிவிட்டேன், இனி ஆடாது.

அக்டோபர் 4

பெரியவருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். பொட்டு வைக்கத் தோதான நெற்றி. பொரி, கடலை, சுண்டல். முதலாளி வந்து பார்த்து முதலில் முறைத்தார், பிறகு அவரும் ஒரு பூவைப் போட்டார். இன்று யாரும் பிரஷ்ஷைத் தொடவில்லை. நல்ல நாளாகப் போனது.

அக்டோபர் 7

என் மகள் பாப்பா பிளஸ் ஒன் படிக்கிறாள். சத்தம் போட்டுப் படிப்பது அவள் பழக்கம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "கணைக்கால் உள்ளெலும்பு, கணைக்கால் வெளியெலும்பு" என்று படித்தாள். வெளியெலும்பு ஒல்லியானது, வெளிப்புறம் இருப்பது, கீழே கணுக்காலின் வெளிப்புற மொழியாக முடிவது.

தட்டில் கையை வைத்துக்கொண்டே இடது கையால் என் கணுக்காலைத் தடவிப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் புடைப்பாக ஒரு மொழி. அதிலிருந்து மேலே தடவிக்கொண்டே போனால் ஒல்லியாக ஒரு எலும்பு. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். பாப்பாவின் காலைக் காட்டச் சொன்னேன். "என்னப்பா?" என்றாள். அவளுக்கும் அப்படித்தான்.

பெரியவருக்கு ஒல்லி எலும்பு உள்ளே இருக்கிறது. கட்டைவிரல் பக்கம். இரண்டு காலிலும்.

படத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் சரியாக இருக்கிறது. நாளைக்குத் தவசியிடம் சொல்லி மாற்றிக் கட்டிவிட வேண்டும். பத்து நிமிட வேலை.

அக்டோபர் 8

காலையிலிருந்து மழை. தவசி நனைந்துகொண்டு வந்தான், தும்மிக்கொண்டே இருந்தான். அந்த நேரத்தில் சொல்வது சரியாக இல்லை.

யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு மொட்டை மாடியில் இருந்த அவசரத்தில் யார் எதைக் கட்டினோம் என்று யாருக்கு நினைவிருக்கிறது? முதலில் இருந்தே அப்படி இருந்ததோ என்னவோ. நர்சிங் பள்ளியில்கூடத் தப்பாகக் கட்டியிருக்கலாம்.

அக்டோபர் 10

மின்சாரக் கட்டணம் கட்டினேன். சொல்லவில்லை.

அக்டோபர் 12

தவசியிடம் பட்டன் போன்தான். நெட்டில் பார்க்கலாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, அவனுக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. "படத்தப் பாத்து வரைஞ்சா படந்தான் வரும். எலும்பத் தொட்டு வரைஞ்சாத்தான் எலும்பு வரும்" என்பான்.

ஆனால் இன்று கேட்டுவிட்டான். "வேலு, பாப்பாகிட்ட எலும்புப் பாடம் இருக்குமே. ஒரு நாளைக்குக் கொண்டாயேன். பேரு எழுதச் சொன்னா முழிக்கக்கூடாதுல்ல."

"புஸ்தகம் ஸ்கூல்லயே வச்சிட்டாப்பா. பரீட்சை நேரம், டீச்சர் தர மாட்டேங்காங்களாம்" என்றேன்.

இவ்வளவு சரளமாக எனக்குப் பொய் வரும் என்று நினைக்கவில்லை. "சரி விடு, பெரியவரு இருக்காருல்ல" என்றான்.

அக்டோபர் 17

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

என் விலா எலும்பைப் பார்த்துவிட்டுத் தவசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ முன்னாடியிருந்து வரையிற. அது முதுகுலருந்து கிளம்பிச் சுத்தி வருது. கூடை முடையறத பாத்திருக்கல்ல? பின்னாடி தொடங்கி, இறங்கி, முன்னாடி வந்து ஏறணும்" என்றான். என் கையைப் பிடித்து என் விலாவிலேயே வைத்து முதுகிலிருந்து நெஞ்சு வரை இழுத்துக் காட்டினான். கூச்சத்தில் நெளிந்தேன், இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு வரைந்தேன். வந்துவிட்டது! முதல் முறையாக நெஞ்சு நெஞ்சாக இருந்தது.

"அந்த ட்ரேசிங் பேப்பரக் கிழிச்சுப் போடு. உன் கை நல்ல கை" என்றான்.

போட்டிக்காரனுக்கு யாராவது இப்படிச் சொல்லிக்கொடுப்பார்களா? அவன் முட்டாளா, நல்லவனா? நான் பெரியவரின் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "டீ சாப்பிடுவமா?" என்றேன்.

அக்டோபர் 20

தவசி கால் பகுதிக்கு வந்துவிட்டான். மேலிருந்து கீழே ஒவ்வொரு எலும்பாக வந்துகொண்டிருந்தான், இன்றைக்கு முட்டிக்குக் கீழே. நான் என் மூலையில் தாடையை வரைந்துகொண்டிருந்தேன். அவன் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பெரியவரின் கெண்டைக்காலைத் தடவினான். தடவிக்கொண்டே நின்றுவிட்டான்.

"வேலு, இங்க வாயேன். கணுக்கால்ல ஒரு மாதிரி இடிக்குது. பெரியவரு நடக்கும்போது தத்தித் தத்தி நடந்திருப்பாரோ?"

போனேன். குனிந்து பார்த்தேன். என் புதுக் கம்பி பளபளவென்று இருந்தது.

"கால் சரியாத்தான இருக்கு?" என்று கேட்டான்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

அக்டோபர் 21

நேற்று எழுதியதைப் படித்தேன். அவன் கேட்டபோது நான் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். பார்க்காமலே சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

அக்டோபர் 24

தீபாவளி. தவசி வீட்டுக்கு ஜெயக்கொடி என்னிடம் அதிரசம் கொடுத்தனுப்பினாள். அவன் வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான். ஊரே அதிர்ந்துகொண்டிருந்தது. அறை முழுவதும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எலும்பு எலும்பாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறான். அத்தனையும் மனதிலிருந்து வந்தவை. நின்ற எலும்பு, குனிந்த எலும்பு, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற எலும்பு. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, பொறாமையில் என்று நினைக்கிறேன்.

எல்லா எலும்புக்கும் ஒல்லி எலும்பு உள்பக்கம்தான் இருந்தது.

வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் தோள் லேசாகத் தூக்கிப் போட்டது. அதை மறைக்க, "அதிரசம் பதமா இருக்குப்பா" என்றான்.

நவம்பர் 4

காய்ச்சல். திங்கட்கிழமையிலிருந்து படுக்கை. நாளை சனிக்கிழமை பரீட்சை என்று முதலாளி சொல்லியிருந்தார். ஜெயக்கொடிக்கு இப்போது எல்லாம் தெரியும். "போகாட்டி தோத்த கணக்குத்தானே, அண்ணனுக்குப் போன் போடட்டுமா?" என்கிறாள். ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. நான் போகவில்லை என்றால் தவசிதான். தப்போ சரியோ, ஒற்றை ஆளை எதோடு ஒப்பிடுவார்கள்?

மாலையில் தவசி வந்தான். பிரெட்டும் ஆரஞ்சும் வாங்கி வந்திருந்தான். "முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். வேலு எந்திரிச்சு வரட்டும், அடுத்த சனிக்கெழம வச்சுக்கிடலாம்னு. அவரு மொதல்ல ஒத்துக்கிடல. அப்ப நானும் வரையலன்னேன். சரின்னுட்டாரு."

கட்டிலில் என் காலடியில் பாப்பாவின் புத்தகம் கிடந்தது. அவள் அங்கே உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் பெரிதாகப் பெயர் போட்டிருக்கிறது. தலையணையை எடுத்து அதன் மேல் போட்டுக் காலை நீட்டி வைத்துக்கொண்டேன். கால் வலி என்றேன்.

"தேய்ச்சு விடட்டுமா?" என்றான்.

வேண்டாம் என்றேன். பார்த்தானா, பார்க்கவில்லையா என்று தெரியவில்லை.

நவம்பர் 9

நாளைக்குச் சொல்லிவிடுவேன். அவன் கைக்கு ஒரு நாள் போதும், மாற்றிக்கொள்வான்.

நவம்பர் 11

சொல்லவில்லை. நாளை காலை டீக்கடையில் சொல்லலாம். அப்போதும் நேரம் இருக்கும். "தவசி, அந்தக் கால்ல ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்தால் போதும், நான்தான் கட்டினேன் என்பது வர வேண்டியதில்லை. கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன்.

நவம்பர் 12

டீக்கடையில் நல்ல கூட்டம்.

முதலாளி அறையில் இரண்டு மேசை போட்டிருந்தார்கள். பெரியவரைப் பழைய போர்வையால் மூடி மூலையில் நிறுத்தியிருந்தார்கள். முதலாளிக்குச் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற எலும்பு டாக்டர், தீர்ப்புச் சொல்ல வந்திருந்தார். மதியச் சாப்பாடு வரைக்கும் நேரம்.

நான் நன்றாக வரைந்தேன். விலா எலும்பு வந்தது, அவன் சொல்லிக்கொடுத்தபடியே முதுகிலிருந்து தொடங்கி வந்தது. முட்டிக்குக் கீழே வந்தபோது பென்சிலை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். நானும் உள்ளே போட்டுவிட்டால் என்ன என்று யோசித்தேன். அப்போது இரண்டு பேருக்கும் ஒரே தப்பு, அவன் கை என் கையைவிட மேல், அவன் ஜெயித்துவிடுவான். இதை நான் நன்றாக யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். பிறகு வெளியே போட்டேன்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தவசியின் படத்தை எடுத்து, "இது உயிரோட நிக்குதுய்யா. என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல" என்றார். தவசி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பிறகு டாக்டரின் விரல் கீழே இறங்கியது. "அடடா" என்றார். "ஃபிபுலா உள்ள வந்திருக்கே. ரெண்டு கால்லயும்."

"இல்லைங்கய்யா, உள்ளதான் இருக்கு" என்றான் தவசி. மரியாதையாகத்தான் சொன்னான். "நான் தொட்டுப் பாத்திருக்கேன்."

டாக்டர் எழுந்து போய்ப் போர்வையை எடுத்தார். குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "ஆமா, உள்ளதான் இருக்கு. யாருய்யா இதக் கட்டுனது?"

நான் என் படத்தின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ஆயுத பூஜைக்குக் கழட்டித் தொடச்சோம் சார். நாங்கதான் கட்டுனோம்" என்றான் தவசி.

நாங்கள்தான் என்றான்.

"அப்ப இவர் மேல தப்பில்ல, இருந்ததத்தான் வரைஞ்சிருக்காரு" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, டாக்டர் என் படத்தை எடுத்தார். அதைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "ரெண்டு பேரும் இதப் பாத்துத்தான படிச்சீங்க? நீங்க மட்டும் எப்படி சரியா வரைஞ்சீங்க?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. தப்பு அவனைக் காட்டிக்கொடுக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சரியாக வரைந்தது என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கவில்லை.

"எங்க பாப்பா புஸ்தகத்துல பாத்தேன் சார். நேத்துத்தான்."

முதலாளி மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா, இது பொறுப்பு! எனக்கு இப்படி சரிபாக்கிற ஆளுதான் வேணும். சார்ட்டுல ஒரு தப்பு வந்தா ஆயிரம் பள்ளிக்கூடத்துல தப்பு. தவசி, வருத்தப்படாத, உன் கை பெரிய கை. ஆனா எனக்கு இது வியாபாரம்."

தவசி முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு சந்தேகம் தீர்ந்தவன் மாதிரி இருந்தான்.

"புஸ்தகம் கெடச்சிருச்சா வேலு?" என்றான்.

நான் தலையை ஆட்டினேன்.

நவம்பர் 13

மழை. ஜெயக்கொடி பாயசம் வைத்தாள்.

நவம்பர் 15

தவசி பிரஷ்களை எடுக்க வந்தான். என்னோடு பேச மாட்டான் என்று நினைத்தேன். பிரஷ்களை ஒரு துணியில் சுருட்டிக் கட்டினான். பிறகு இடுக்கியை எடுத்துக்கொண்டு பெரியவர் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"பாவம், இத்தன நாளும் கோணலா நின்னுட்டாரு" என்றான். என் கம்பியை அறுத்தான். இறுக்கிக் கட்டியிருந்ததால் நேரம் ஆனது. ஒல்லி எலும்பை எடுத்து வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தான், லேசாகத் திருப்பினான், அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. "பாத்தியா, இடிக்கல" என்றான்.

என்னிடம் சொன்னானா, பெரியவரிடம் சொன்னானா என்று தெரியவில்லை.

கம்பி சுற்றுவதற்குப் பாதத்தை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து பார்க்காமலே, "பிடி" என்றான். நான் உட்கார்ந்து பெரியவரின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு கால் முடிந்ததும் அடுத்த கால். அவன் திருப்பிப் பார்த்துக் கட்டவில்லை, தடவிப் பார்த்துக் கட்டினான். முடிந்ததும் கும்பிட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

டிசம்பர் 2

தவசி பட்டாசு ஆலையில் சேர்ந்துவிட்டானாம். டீக்கடைக்காரர் சொன்னார். "அண்ணன் செத்ததுக்கப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டேன்னு கெடந்த ஆளு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியாது. எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். காலைக் கட்டியது நான்தான் என்றேன். முன்னாலேயே எனக்குத் தெரியும் என்றேன், தவசி கேட்டதற்கும் சரியாக இருக்கிறது என்று சொன்னேன் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு அச்சு ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சரிப்பா. நீ வரைஞ்சது சரியா, தப்பா?"

"சரிதான்."

"அப்புறம் என்ன? போயி இருதயத்த முடி."

நான் செய்தது துரோகம். எழுதிவிட்டேன். எழுதினால் மனபாரம் குறையும் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் இந்த டைரியை எடுத்தேன்.

டிசம்பர் 15

சைக்கிள் மிதிக்கிற எலும்புக்கூடு முடிந்தது. எதையும் பார்க்காமல் வரைந்தேன். எடுத்துக்கொண்டு மாலையில் தவசி வீட்டுக்குப் போனேன். படம் காட்டத்தான் போகிறேன் என்று ஜெயக்கொடியிடம் சொன்னேன்.

வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். முழங்கை வரை வெள்ளியாக மின்னியது. அலுமினியத் தூள். "எம்புட்டு சோப்புப் போட்டாலும் ரேகைக்குள்ள போனது போக மாட்டேங்குது" என்றான். சுவரில் ஒட்டியிருந்த எலும்புகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தான்.

அட்டையை விரித்துக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். ஒரு ஆர்ட்டிஸ்ட் பார்க்கிற பார்வையாகத்தான் பார்த்தான். "விலா நல்லா வந்திருக்கு. ட்ரேசிங் போடல போல. முட்டிச்சில்லு ஒரு நூலளவு இறங்கிருச்சு, பரவால்ல."

"தவசி, அந்தப் புஸ்தகம்" என்று ஆரம்பித்தேன்.

"தூறுது பாரு. அட்டைய மூடு, நனைஞ்சுரும்."

"இல்லப்பா, நான் அன்னைக்கே..."

"மூடு வேலு."

மூடப் போனேன். "இரு" என்றான். பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, ஒரு விரலை நீட்டி, மிதிகட்டையை அழுத்துகிற காலின் கணுக்காலைத் தொட்டான். கண்ணை மூடிக்கொண்டான். அங்கிருந்து மேலே தடவவில்லை. தொட்டபடி நின்றான்.

"கால் சரியாத்தான் இருக்கு" என்றான்.

உள்ளே போய்விட்டான். நான் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 16

ஸ்கேன் செய்கிற பையன் அட்டையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். "அண்ணாச்சி, கணுக்கால்ல என்ன இது? அழுக்கா? ஸ்கேன்ல கருப்பா விழுது."

பார்த்தேன். விரல் ரேகை முழுதாகப் பதிந்திருந்தது, வெள்ளி நிறத்தில், வெளிப்பக்க மொழியின் மேல். ரப்பரால் தேய்த்தேன், பரவியது. பிளேடால் சுரண்டலாம் என்று எடுத்தேன், கை வரவில்லை. அப்படியே விட்டுவிடலாம், ஆயிரம் பள்ளிக்கூடத்துக்கும் போகட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பையன் நின்றுகொண்டே இருந்தான். முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார் என்றான்.

வெள்ளை போஸ்டர் கலரைக் குழைத்து மூடினேன். முதல் பூச்சில் போகவில்லை, உள்ளிருந்து மின்னியது. இன்னொரு பூச்சு போட்டு, ஃபேனுக்கு அடியில் வைத்து, காய்ந்ததும் அதன் மேலேயே கணுக்காலை மறுபடி வரைந்தேன். பெரியவரைப் பார்க்காமல்தான் வரைந்தேன். ஒரே கோட்டில் வந்தது.

முதலாளி அட்டையைக் கையில் வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லாத்தையும்விட இந்தக் கால்தான் பிரமாதம்" என்றார்.